வார்ப்பிரும்பு பிரஸ்ஸும் ஆடுகிற மேஜையும்

பீளமேட்டில் பம்பு பார்ட்ஸ் கடைகிற லேத்தில் பதினோரு வருஷம் நின்றவன் நான். எந்த மெஷினைத் தொட்டாலும் கை முதலில் தேடுவது ஆட்டத்தைத்தான். ஹூஸ்டன் வந்து, கூட வேலை பார்ப்பவரோடு ரேஞ்சுக்குப் போய்ப் பழகி, .308 வின்செஸ்டர் என்ற தோட்டா அளவில் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கினேன். தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. சுட்ட கூட்டையே திரும்ப நிரப்பலாம் என்று இறங்கி, கராஜில் லீ கிளாசிக் காஸ்ட் என்ற, லீவரை இழுத்து அழுத்தும் கைப் பிரஸ்ஸை மாட்டி இரண்டு வருஷம் ஆகிறது. (ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு: அங்கே லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். படிப்பதோடு விட்டுவிடுங்கள்.)

ரேஞ்சில் பாதிப் பேர் புரோகிரசிவ் வாங்கச் சொன்னார்கள். டில்லன் மாதிரி மெஷினில் தட்டு சுற்றிச் சுற்றி வரும், லீவரை ஒரு தடவை இழுத்தால் ஒரு முழுத் தோட்டா விழும். வாரம் 300 பிஸ்டல் தோட்டா சுடுகிறவருக்கு அது சரி. நான் மாதத்துக்கு 60 தாண்டுவதில்லை. அதுவும் புதிதாகக் கற்கிறவன் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கண் வைக்க முடியாது. என்னுடையது சிங்கிள் ஸ்டேஜ், ஒரு நேரத்தில் ஒரு டைதான் (கூட்டை அழுத்தி அளவாக்கும், குண்டை உட்காரவைக்கும் அச்சு). 50 கூட்டுக்கும் ஒரே வேலை, பிறகுதான் டை மாற்றம். மருந்து போட்டதும் 50 கூட்டையும் மரக்கட்டையில் வரிசையாக நிறுத்தி டார்ச் அடித்து உள்ளே பார்ப்பேன். ஒன்றில் மட்டம் சற்று ஏறித் தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடை போடுவேன். அளவு எவ்வளவு என்பதற்கு மேனுவல் மட்டும்தான். ரேஞ்சில் சொல்லும் கணக்கெல்லாம் காதோடு சரி.

பிரஸ் விஷயத்துக்கு வருகிறேன். உடம்பு வார்ப்பிரும்பு, நாலு பக்கமும் மூடிய ஓ வடிவம். முன்பக்கம் திறந்த சி வடிவத்தில் அழுத்தம் ஏறும்போது வாய் விரியப் பார்க்கும். இதில் அந்தக் கவலை இல்லை. ஏறி இறங்கும் ஸ்டீல் தண்டு 1 1/8 அங்குலத் தடிமன். வாங்கிய அன்றே தண்டை மேலே ஏற்றி, டயலை (நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் அளவுகோல்) வைத்து, கையால் நாலு பக்கமும் அசைத்துப் பார்த்தேன். முள் சும்மா பேருக்கு நகர்ந்தது. டை மாட்டும் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14. மற்ற பெரிய கம்பெனி டைகளும் பெரும்பாலும் அதே மரைதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் குழாய். தண்டு உள்ளே பொள்ளல்; தட்டி வெளியேற்றிய பழைய பிரைமர் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) அதன் வழியே இறங்கி, பிளாஸ்டிக் டியூபில் கடகடவென்று ஓடி அடியில் வந்துவிடும். பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. அது தரையில் சிதறி, பிள்ளைகள் கால்வழி வீட்டுக்குள் போகாமல் இருப்பதே பாதி நிம்மதி. புது பிரைமரைப் பிரஸ்ஸிலேயே ஏற்ற வசதி இருக்கிறது, நான் கையில் பிடித்து அழுத்தும் கருவிதான் வைத்திருக்கிறேன். பிரைமர் அடியில் போய் உட்காருவது விரலுக்குத் தெரியவேண்டும் எனக்கு.

இனி என் முட்டாள்தனம். முதல் மூன்று மாதம் புல்லட், அதாவது கூட்டின் வாயில் உட்காரும் குண்டு, கோணிக்கொண்டே உட்கார்ந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் வெட்டிய கட்டை) தோட்டாவை உருட்டி டயலில் பார்த்தால் அஞ்சு தவ், சிலது ஆறு. தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பிரஸ்ஸைத் திட்டினேன், டையைத் திட்டினேன். ஒரு சனிக்கிழமை டயலை மேஜை விளிம்பிலேயே வைத்து லீவரை இழுத்தேன். பலகை ஒன்றரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு எழுந்தது! பழைய கம்ப்யூட்டர் மேஜை அது, அழுத்திய மரத்தூள் பலகை. எங்கள் ஃபோர்மேன் பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

இரண்டுக்கு நாலு கட்டையில் புது மேஜை அடித்து, சுவர்ச் சட்டத்தோடு லேக் போல்ட் போட்டுப் பிணைத்தேன். பிரஸ்ஸுக்குக் கீழே கால் அங்குல ஸ்டீல் தகடு, பலகைக்கு அடியில் இன்னொன்று, நடுவில் மூன்று போல்ட். “அமெரிக்கா வந்தும் பட்டறைதானா?” என்றாள் மனைவி. அடுத்து டையை இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங்கின் அடியில் ஒரு ரப்பர் ஓ-ரிங். டை இம்மி அளவு அசைந்து தானே சென்டர் பார்த்துக்கொள்ளும். லீ டையின் ரிங்கிலேயே அது வரும். என்னுடையது வேறு கம்பெனி டை, அதனால் ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கினேன். இப்போது ரெண்டு தவ்வுக்குள் நிற்கிறது. மேஜை எவ்வளவு, ஓ-ரிங் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டேன்.

எண்ணெய் தடவ மறந்து ஒரு கூட்டை டைக்குள் சிக்கவைத்ததும் உண்டு. இன்னும் பலமாக இழுத்தேன், அடி விளிம்பு பிய்ந்து கையோடு வந்தது. துளை போட்டு, டேப் அடித்து, போல்ட் முறுக்கி எடுத்தேன். லேத்காரனுக்குப் பத்து நிமிஷ வேலை. மற்றவர்கள் எண்ணெய் தடவிவிடுங்கள்.

தராசு மட்டும் அந்தப் புது மேஜையில் இல்லை. என்னதான் பிணைத்தாலும் லீவரை இழுக்கும்போது எண்கள் துள்ளுகின்றன. எதிர்ச் சுவரில் தனிப் பலகை அடித்து அங்கே வைத்திருக்கிறேன், ஃபேன் காற்று படாத மூலையாகப் பார்த்து.