ஒரு பென்டிரைவில் கோங் யூ

கிளிநொச்சிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், போன் கவர், சார்ஜர், ரீலோட் ஆகியவற்றோடு கொரிய நாடகங்களையும் பதிந்து கொடுக்கும் சிறிய கொம்யூனிகேசன் ஒன்று இருக்கிறது. உரிமத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. விசுவமடுவில் எங்கள் வீட்டில் மாலையானால் இணையம் படுத்துவிடும் என்பதால், 32 ஜிபி பென்டிரைவைக் கொடுத்து, கொரிய நடிகர் கோங் யூ நடித்தவை எல்லாம் வேண்டும் என்றேன். கடைக்காரத் தம்பி 500 ரூபா வாங்கிக்கொண்டு, ஆண்டு வரிசையில் அடுக்கித் தந்தார்.

அந்த வரிசைக்காகவே கடையை மெச்சலாம். 'ஸ்க்விட் கேம்' தொடரில், ரயில் நிலையத்தில் காகித அட்டை அடித்து விளையாடி, தோற்றவனைக் கன்னத்தில் அறையும் கோட்டுக்காரராக மட்டுமே நான் அவரை அறிந்திருந்தேன். 2007இல் 'காஃபி பிரின்ஸ்' அவரை உச்சத்தில் ஏற்றிய கையோடு, அடுத்த ஆண்டே கட்டாய இராணுவ சேவைக்குப் போனார் என்பது வரிசையில் விழுந்த இடைவெளியால்தான் தெரிந்தது. ('கட்டாயம்' என்ற சொல் வன்னியில் வேறு நினைவுகளைக் கிளறும், அது இங்கே வேண்டாம்.) சேவைக் காலத்தில் வாசித்த ஒரு நாவலைப் படமாக்க அவரே முனைந்து நின்றதன் விளைவு, 2011இல் வந்த 'சைலன்ஸ்ட்'. செவிப்புலனற்ற மாணவர்களுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையை, உண்மைச் சம்பவத்தை ஒட்டிச் சொன்ன அப்படம் எழுப்பிய கொந்தளிப்பில், கொரிய நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தியது.

குறையும் அந்தப் படத்தில்தான். அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகள் நான்கு செக்கன் பிந்தி வருகின்றன. வேறு படமென்றால் பொறுத்திருப்பேன். இதிலோ பிள்ளைகள் கையால் பேசுகிறார்கள். பிள்ளை கையை இறக்கிய பிறகே சொன்னது என்னவென்று தெரிகிறது. அதற்குள் ஆசிரியராக வரும் கோங் யூவின் முகம் மாறி முடிந்துவிடுகிறது. அலட்டாமல் முகத்தால் நடிப்பவரின் படத்தில் இது சிறிய பிழையல்ல.

2016இல் கொரியத் திரையரங்குகளில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்த 'ட்ரெயின் டு பூசான்' பழுதின்றி ஓடியது. பூசான் அவர் பிறந்த ஊர். அதே ஆண்டு இறுதியில் தொடங்கிய 'காப்ளின்' நாடகத்தின் 16 பகுதிகளில் 14ஆவது மட்டும் திறக்கவில்லை. 13ஆம் பகுதியின் முடிவில் நாயகன் சாம்பலாகிக் காற்றில் கரைகிறான். அடுத்த சனிக்கிழமை நான் ரவுணுக்குப் போகும்வரை, அவன் திரும்பி வருவானா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். தம்பி காசு வாங்காமல் அந்தப் பகுதியை மாற்றித் தந்தார். 'சைலன்ஸ்ட்' எழுத்துகளைச் சரிசெய்ய அவருக்கும் வழி தெரியவில்லை.