ஈ.சி.ஆரில் வீடு, சாவி அடுத்தவர் கையில்: மாதாமாதம் வரும் படங்களை நம்பாதீர்கள்

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் கடலோரமாக ஒரு வீடு வாங்கிப் போட்டுவிட்டு, சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு வருடத்துக்குச் சில வாரம் மட்டும் வந்து தங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நடந்ததை, உரிமையாளர்களின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பராமரிப்பு நிறுவனத்தின் பெயர் இங்கே வராது. ஏமாற்றும் முறை இந்த ஒரு நிறுவனத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதால், பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

ஒப்பந்தப்படி அவர்கள் செய்ய வேண்டியது: வாரம் ஒருமுறை வீட்டைத் திறந்து பார்ப்பது, தோட்டத்துக்குத் தண்ணீர், சம்ப் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது, மின் கட்டணமும் சொத்து வரியும் கட்டுவது, கேமராக்களைக் கவனிப்பது, மாதாமாதம் இருபது படங்களோடு ஓர் அறிக்கை அனுப்புவது. அறிக்கை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. படங்களில் வீடு பளிச்சென்று இருந்தது. உள்ளே நடந்தது வேறு. வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு வரை வீட்டை வெளியாட்களுக்குப் பார்ட்டிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மொட்டை மாடி வடிகால் வாயில் வேப்பிலை அடைத்து, ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி, படுக்கையறைச் சீலிங் ஊறிப் பூஞ்சை பிடித்திருந்தது. அலமாரிக்குப் பின்னால் கரையான் புற்று சுவரேறியிருந்தது. சம்ப் மோட்டார் இறுகி, சுருள் எரிந்துபோயிருந்தது.

இதைக் காட்டிக்கொடுத்தவை மூன்று. ஒவ்வொன்றையும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மூன்றையும் நீங்கள் வெளிநாட்டில் உட்கார்ந்தபடியே இன்றைக்கே சரிபார்க்கலாம்.

முதலாவது நிழல். ஜூன் மாத அறிக்கை என்று வந்த படத்தில் கேட் தூணின் நிழல் வடக்கே நீண்டு விழுந்திருந்தது. அந்த இடத்தில் அது நடக்கவே முடியாத காரியம். சென்னைப் பக்கத்தில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் வடக்குப் பக்கம்தான் இருக்கும். அந்த மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், அதுவும் குட்டையாக: ஆறடித் தூணுக்கு ஜூன் கடைசியில் ஓரடியைச் சற்றுத்தான் தாண்டும். டிசம்பர் கடைசியில் அதே தூணின் நிழல் வடக்கே நாலடிக்கு மேல் நீளும். ஆக, 'ஜூன்' படம் மார்கழிக்கு அக்கம்பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டது. உங்கள் வீட்டு வரைபடத்தில் வடக்கு எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறப் படம் ஒன்று போதும், மாதம் பொருந்துகிறதா என்று சொல்லிவிடலாம். படத்தின் தேதியைக் கோப்பில் தேடிப் பயனில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கேமரா பதிந்த நாளும் இடமும் கழன்றுவிடும்.

இரண்டாவது இ.பி. மீட்டர். இதுதான் முக்கியம். பூட்டிய வீட்டில் என்னென்ன ஓடும் என்று கணக்குப் போடுங்கள். ரௌட்டர் 10 வாட், கேமராப் பதிவுக் கருவி 15, நான்கு கேமராக்கள் தலா 5, ஆக 45 வாட். அறுபது நாளுக்கு ஏறக்குறைய 65 யூனிட். இன்வெர்ட்டர் பேட்டரியை நிரப்பி வைக்க இன்னொரு 25. மொத்தம் 90 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், உண்மையிலேயே பூட்டியிருக்கும் வீட்டுக்கு பில் பூஜ்யமாகத்தான் வரவேண்டும். இந்த வீட்டில் 330, 340 என்று போயிருக்கிறது. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றேகால், ஒன்றரை யூனிட் இழுக்கும். இரண்டு ஏசி ஓர் இரவு பத்து மணி நேரம் ஓடினால் 25 முதல் 30 யூனிட். இரண்டு மாதத்தில் எட்டு வாரக்கடைசி இரவுகளைப் பெருக்கிப் பாருங்கள், மிச்சக் கணக்கு நேராகிவிடும்.

அது ஏன் உரிமையாளர் கண்ணில் படவில்லை? மின்கட்டணம் சேவைக்குள் அடக்கம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். 340 யூனிட்டுக்கு பில் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஒரு வார இறுதி வாடகைக்குமுன் அது காசே இல்லை. பில் குறுஞ்செய்தி போகும் கைபேசி எண்ணையும் நிறுவனத்தின் எண்ணாக மாற்றி வைத்திருந்தார்கள். 'கட்டணத்தை நாங்களே கட்டிவிடுகிறோம்' என்று யாராவது தாராளம் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மின் வாரிய இணையதளத்தில் உங்கள் சர்வீஸ் எண்ணைப் பதிந்து நீங்களே கட்டுங்கள். பழைய பில்கள் அங்கேயே தெரியும். பதிவான கைபேசி எண் உங்களுடையதா, ஊரில் இருக்கும் உறவினருடையதா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றுங்கள்.

மூன்றாவது கேமரா. வெள்ளி சாயங்காலம் அணைந்து ஞாயிறு இரவு உயிர்பெறும். கேட்டால் 'நெட் கட் ஆயிடுச்சு சார், கடல் காத்துல வயர் துருப்பிடிக்குது' என்று பதில். உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் அரிப்பது நிஜம்தான், ஆனால் அரித்த வயர் கிழமை பார்த்து வேலை செய்யாது. உண்மையில் அந்தக் கேமராக்கள் நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருந்தன, உரிமையாளருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் பகிர்ந்திருந்தார்கள். எந்தக் கணக்கில் கருவி முதலில் பதிவாகிறதோ அதுதான் எஜமான். அவர்கள் விடுவித்துக் கொடுக்காமல் உங்கள் கணக்குக்கு எளிதில் மாற்ற முடியாது. கேமரா பொருத்தும் அன்றே, பெட்டியைப் பிரித்ததும், உங்கள் கைபேசியில் உங்கள் கணக்கில்தான் முதல் பதிவு நடக்க வேண்டும். அட்மின் கடவுச்சொல்லும் உங்களிடம் மட்டும்.

கேமரா பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. வீட்டு பிராட்பேண்டை மட்டும் நம்பாதீர்கள். பரணிலோ பூட்டிய அலமாரியிலோ ஒரு 4ஜி சிம் ரௌட்டர், அதற்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ், வருட ரீசார்ஜ் செய்த சிம். இதில் ஒரே ஒரு கேமரா, உள்கூடத்தைப் பார்த்தபடி, தனக்குள்ளேயே மெமரி கார்டோடு இருந்தால் போதும். அது இருப்பது பராமரிப்பாளருக்குத் தெரிந்தே இருக்கட்டும், ஆனால் அணைக்கும் சுவிட்ச் அவர் கைக்கு எட்டக்கூடாது. பதிவுக் கருவியின் கொள்ளளவையும் பாருங்கள். நான்கு இரண்டு மெகாபிக்சல் கேமராக்கள், தலா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால், 1 டெராபைட் வட்டு பத்துப் பன்னிரண்டு நாளில் நிரம்பிப் பழையதன்மேல் எழுதத் தொடங்கிவிடும். சந்தேகம் வந்து நீங்கள் கேட்கும்போது ஆதாரம் போயிருக்கும். அசைவு கண்டால் மட்டும் பதியும்படி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

இனி, புதிதாக ஆள் வைக்கிறவர்கள் செய்ய வேண்டியது. மாத அறிக்கைக்குப் படங்களைக் கேட்காதீர்கள், எண்களைக் கேளுங்கள். முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, இ.பி. மீட்டரின் திரையையும் அதன் வரிசை எண்ணையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். முந்தைய எண்ணைக் கழித்து நாள் கணக்கால் வகுத்தால் நாளுக்கு ஒன்றரை யூனிட் சுற்றி நிற்க வேண்டும். மூன்றைத் தாண்டினால் கேள்வி கேளுங்கள். ஓவர்ஹெட் டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டரும் போட்டுவிடுங்கள். போர்வெல் வீடுகளில் தண்ணீருக்குப் பில் கிடையாது என்பதால் யார் எத்தனை குளியல் போட்டாலும் வெளியே தெரியாது, மீட்டர் இருந்தால் தெரியும்.

ஊருக்குக் கிளம்பும்முன் ஏசிகளின் எம்சிபியை (அந்தந்த மின்சுற்றை அணைக்கும் சுவிட்ச்) இறக்கி, அவை இருக்கும் டிபி பெட்டிக் கதவில் எண்ணிட்ட பிளாஸ்டிக் சீல் மாட்டுங்கள். மின் மீட்டர் பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள், இழுத்தால் இறுகும், வெட்டினால்தான் கழலும். படுக்கையறைக் கதவுகளுக்கும் ஒவ்வொன்று. எண்களை நீங்கள் மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு வெட்ட வேண்டி வந்தால் வெட்டலாம், ஆனால் முதலில் உங்களை அழைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கேமராவுக்கும் ரௌட்டருக்கும் தனி எம்சிபி, தனி 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்). வீடு முழுவதுக்கும் ஒன்றே இருந்தால், மழையில் ஒரு தோட்ட விளக்கு ஈரமாகி அது டிரிப் ஆகும்போது கேமராக்களும் சேர்ந்து செத்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் பெரும்பாலோர் டேங்க் வால்வை மூடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். குளியலறைத் தரை வடிகாலுக்குள் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுக்கிறது. ஆளில்லாத வீட்டில் சில வாரத்தில் அது ஆவியாகிவிடும். கிளம்பும்போது ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் வெகுநாள் நிற்கும். சம்ப் மூடி இறுக்கமாக இல்லையென்றால் கொசு முட்டை வைக்கும். மோட்டாரை மாதம் ஒருமுறை ஐந்து நிமிடமாவது ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். இறுகியதற்கு மின்சாரம் கொடுத்தால் சுருள் எரியும், இந்த வீட்டில் நடந்ததும் அதுதான். மொட்டை மாடி வடிகாலைப் புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை சுத்தம் செய்து, வாளித் தண்ணீரைக் கொட்டி இறங்குவதை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்.

பூட்டு: கொடுத்த சாவிக்கு எத்தனை நகல் இருக்கிறது என்று ஒருநாளும் தெரியாது. ஆளை மாற்றும் நாளிலேயே பூட்டின் சிலிண்டரை, அதாவது சாவி நுழையும் உருளைப் பகுதியை, மாற்றிவிடுங்கள். கதவின் விளிம்பில், பூட்டுக்கு நேரே இருக்கும் ஒரு நீள ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைப் போட்டுச் சற்றே திருப்பினால் சிலிண்டர் வெளியே வரும். ஸ்க்ரூ துளையின் நடுவிலிருந்து இருபக்கமும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, 30/30 அல்லது 30/40, அதே அளவில் வாங்குங்கள். கடலோரத்தில் பூட்டுக்குள் எண்ணெய் விடாதீர்கள், மணலும் உப்பும் ஒட்டிப் பசையாகிவிடும். கிராஃபைட் தூள்தான் சரி. வாசலில் பெரிய தொங்கு பூட்டு வேண்டாம், ஆளில்லை என்று ஊருக்கே சொல்கிற வேலை அது.

வாட்ச்மேன் குடும்பத்தைப் பின்கட்டில் தங்கவைக்கிறவர்கள் பலர். அனுமதியின் பேரில் குடியிருக்கும் காவலாளிக்கு எத்தனை வருடமானாலும் சொத்தில் உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த அனுமதி எழுத்தில் இல்லாவிட்டால், வருடக்கணக்கில் வழக்காடித்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். வாடகை ஒப்பந்தம் என்ற பெயரில் எதுவும் போடாதீர்கள், ஒரு ரூபாய்கூட வாடகையாக வாங்காதீர்கள். வேலைக்கான சம்பளம், வேலை இருக்கும்வரை தங்க அனுமதி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த முகவரியில் அவர் பெயரில் ரேஷன் கார்டோ எரிவாயு இணைப்போ வாங்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'பில் கட்ட, வரி கட்ட பவர் வேண்டும்' என்று நிறுவனம் பொது அதிகாரப் பத்திரம் கேட்டால் அங்கேயே உறவை முறித்துக்கொள்ளுங்கள். மின் கட்டணமும் சொத்து வரியும் யார் வேண்டுமானாலும் கட்டலாம், அதற்குப் பவரே தேவையில்லை. வேறு வேலைக்குத் தேவைப்பட்டால் அந்த ஒரு வேலைக்கு மட்டும், விற்கவோ அடமானம் வைக்கவோ வாடகைக்கு விடவோ உரிமை இல்லை என்று வெளிப்படையாக எழுதிக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பாருங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை.

வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியில் 'ஆளில்லாமல்' என்ற இடத்தைத் தேடிப் படியுங்கள். முப்பது நாளுக்கு மேல் பூட்டியிருந்தால் முன்கூட்டி எழுதித் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. மின்னஞ்சலில் தெரிவித்து, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் காவல் நிலையத்திலும் பூட்டிய வீடு என்று எழுதிக் கொடுக்கலாம், ரோந்துப் பட்டியலில் சேர்ப்பார்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், நிறுவனத்திடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் ஆதாரத்தை எடுங்கள்: மின் பில்களின் பழைய பட்டியல், அறிக்கைப் படங்கள், கேமரா அணைந்த நாள்நேரப் பதிவு, பணம் அனுப்பிய வங்கிக் கணக்குத் தாள். வார இறுதி வாடகைத் தளங்களில் உங்கள் வீட்டுப் படம் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் இணைய முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்ட ஒரு மணி நேரத்தில் அந்த விளம்பரம் காணாமல் போய்விடும். பிறகு பூட்டின் சிலிண்டரை மாற்றுங்கள், அதற்குப் பிறகு நோட்டீஸ். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) கேட்டு வாங்குங்கள். ஒப்படைத்த சொத்தைத் தவறாகப் பயன்படுத்தியது நம்பிக்கை மோசடி, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 316. பணத்தைத் திரும்பப் பெற 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை, இணையவழியிலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சேவை ஒப்பந்தத்தில் 'எல்லாத் தகராறுக்கும் நடுவர்தான்' என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை அது தடுக்காது.