பேட்டரி மாற்றச் சொன்னால் முதலில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள்

மதுரையில் கார் வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் வண்டி எடுப்பவர்களுக்கு இந்தப் பதிவு. நல்ல பேட்டரி ஒன்றைக் கொடுத்து, அதோடு 5,200 ரூபாயும் கொடுத்து, பழைய சரக்கை வாங்கி மாட்டிக்கொண்டேன். கடையின் பெயரைப் போடவில்லை. இந்த வேலையை அந்த ஒரு கடை மட்டும் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீடு தல்லாகுளம் பக்கம். சித்திரைத் திருவிழா வந்துவிட்டால், அழகர் மலைக்குத் திரும்பும் வரை காரைத் தெருவை விட்டு எடுக்க முடியாது, எடுக்கவும் தோன்றாது. இந்த முறை ஒன்பது நாள் நின்றது. பத்தாவது நாள் உசிலம்பட்டியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். சீர்த்தட்டெல்லாம் டிக்கியில் ஏற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை.

போனில் தேடி ஒரு பேட்டரி கடைக்கு அழைத்தேன். இருபது நிமிஷத்தில் ஆள் வந்துவிட்டார், பைக்கில் புது பேட்டரியோடு. வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே பேட்டரி வந்துவிட்டதே என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நல்ல சர்வீஸ் என்றுதான் நினைத்தேன்.

ஹாரனை அடித்துப் பார்த்தார். முனகியது. "செல்லு போச்சு சார். வேற போட்ருவோம்" என்றார்.

"வாங்கி 21 மாசம்தானே தம்பி ஆகுது? 36 மாசம் வாரண்டி இருக்கே."

"வாரண்டிக்குக் குடுத்தா சார்ஜ் போட்டுப் பார்க்கணும், டெஸ்ட் பண்ணணும்னு இழுப்பாங்க சார். பத்து நாள் ஆயிரும். நீங்க விசேஷத்துக்குக் கிளம்பி நிக்கிறீங்க."

இதில் அவர் சொன்ன ஒரே உண்மை, சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது. அதைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். மாமா வராமல் காது குத்த மாட்டார்கள், வாசலில் மனைவி மணி பார்த்துக்கொண்டிருக்கிறாள். சரி, போடுங்கள் என்றேன். பழைய பேட்டரிக்கு 600 ரூபாய் கழித்து 5,200. ஜிபேயில் அனுப்பினேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. அவரைக் கும்பிடாத குறை.

இரண்டு வாரம் கழித்து, நான்கே நாள் நின்ற வண்டியில் மறுபடியும் அதே டிக் டிக். கடைக்குப் போன் செய்தால், "வண்டில ஏதோ கோளாறு இருக்கு சார், எலக்ட்ரீஷியன்ட்ட காமிங்க" என்கிறார் அதே தம்பி. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

பழங்காநத்தத்தில் தொழில் செய்யும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வீட்டுக்கே வந்தார். அவர் பையிலிருந்து முதலில் எடுத்தது மல்டிமீட்டர். 11.8 வோல்ட் காட்டியது. "இது டவுன் ஆயிருக்கு தம்பி. டவுன் ஆன பேட்டரி வேற, செத்த பேட்டரி வேற. சார்ஜ் ஏத்திட்டுத்தான் செத்துருச்சான்னு சொல்ல முடியும். ஹாரனை அடிச்சா அதெல்லாம் தெரியாது."

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் கார்களில் இருப்பது பெரும்பாலும் ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்ட 12 வோல்ட் பேட்டரி. உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். அதனால் முழுச் சார்ஜில், வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் ஆன பிறகு பார்த்தால், 12.6க்கு மேல் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும் நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். நல்ல பேட்டரி 10ஐ ஒட்டியாவது நிற்கும், செத்தது 9க்கும் கீழே சரியும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் டைனமோ (மெக்கானிக்குகள் ஆல்டர்னேட்டரை இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்கள்) சார்ஜ் கொடுக்கிறது. வராவிட்டால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் வீண். இவ்வளவும் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. மீட்டர் விலை ஐந்நூறு ரூபாய்க்குள்தான்.

பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்பர் ஒயர் போட்டு, அதன் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் செய்தோம். 14.2 காட்டியது. டைனமோ மேல் குற்றமில்லை. அப்படியானால் வண்டி நிற்கும்போதுதான் கரண்டை ஏதோ தின்கிறது.

என்ஜினை அணைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் ஆம்பியரில் வைத்த மீட்டரை மாட்டினார். கதவெல்லாம் பூட்டி அரை மணி நேரம் சும்மா இருந்தோம். வண்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகுமாம். (மீட்டர் இப்படி இருக்கும்போது யாரும் செல்ஃப் அடித்துவிடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. என் வண்டியில் 280. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தார். ஒன்றைப் பிடுங்கியதும் 18க்கு இறங்கியது. டேஷ்கேம்! ரோட்டைப் படம் பிடிக்கும் சின்னக் கேமரா, பிப்ரவரியில் வாங்கி மாட்டியது. ஆக்சஸரீஸ் கடையில் அதை எப்போதும் கரண்ட் ஓடும் ஃபியூஸில் கொடுத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.28 ஆம்பியர், 24 மணி நேரம். ஒரு நாளைக்கு 6.7 ஆம்பியர் மணி. என் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர் மணி, ஆறாவது நாள் தாங்காது. திருவிழாவுக்கு ஒன்பது நாள் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகியிருந்தால்தான் அதிசயம். பழைய பேட்டரியை மெதுவாக ஓர் இரவு சார்ஜ் போட்டிருந்தால், அனேகமாக இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்கும்.

அப்புறம் அவர் புது பேட்டரியின் மேல் குத்தியிருந்த தயாரிப்புத் தேதியைக் காட்டினார். பதினொரு மாதம் பழையது. பேட்டரி சும்மா அலமாரியில் இருந்தாலும் தானாகச் சார்ஜ் இறங்கும், வெயில் ஊரில் இன்னும் வேகமாக. இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு முழுச் சார்ஜ் ஏறாது. குளிரில்தான் பேட்டரி போகும் என்று பலர் நினைக்கிறார்கள். குளிரில் வெளிப்படும், அவ்வளவுதான். ஆயுளைத் தின்பது நம் மே மாத வெயில்.

வாரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தேன். விற்ற தேதி இல்லை, கடை முத்திரை இல்லை. பில் என்று தந்த சீட்டின் தலையில் 'எஸ்டிமேட்' என்று இருக்கிறது. அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, பேட்டரியின் சீரியல் எண்ணும் இல்லை. காதுகுத்து அவசரத்தில் நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, அது என் தப்பு.

கடைக்குப் போனேன். பழைய பேட்டரி "லோடு போயிருச்சு" என்றார்கள். மேஜைக்குக் கீழே ஏழெட்டுப் பழைய பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜில் இருந்தன, சுவரில் 'செகண்ட் ஹேண்ட் பேட்டரி கிடைக்கும்' என்று எழுதியிருந்தது. என்னுடையது அதில் இருந்ததா என்று நிரூபிக்க எனக்கு வழியில்லை. எதற்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. செத்ததே ஆனாலும் அதில் பாதிக்கு மேல் ஈயம், எடைக்குப் போட்டாலே காசு. ஆகவே சோதித்துப் பார்க்கும் வரை பழையதைக் கையை விட்டு விடாதீர்கள்.

மூன்றாவது தடவை போய், ஜிபே ரசீதைக் காட்டி, 1915 நுகர்வோர் எண்ணுக்கு அங்கேயே நின்று போன் போடப் போகிறேன் என்றதும் முறையான பில்லும் முத்திரையும் கிடைத்தன. பணம் கிடைக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் டேஷ்கேமைச் சாவி போட்டால் மட்டும் ஓடும் ஃபியூஸுக்கு மாற்றினார். பேட்டரியில் ஒயர் மாட்டும் டெர்மினல் லேசாகப் பூத்திருந்தது. நெகட்டிவை முதலில் கழற்றி (மாட்டும்போது அது கடைசி), சுடுதண்ணீரில் ஆப்ப சோடா கலந்து பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, வாஸ்லின் தடவி மாட்டினார். பேட்டரியை எடுத்துப் போய் ஓர் இரவு சார்ஜ் போட்டுக் கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 450 ரூபாய்.

பில் வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார். தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துத் தரச் சொல்லி, அதன் பின்பக்கம் 11.8, 14.2, 280, 18 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது இப்போது ஆர்சி புத்தகத்தோடு டேஷ்போர்டில் இருக்கிறது.