பழைய கார் கிளட்ச் வேலைக்கு விடுற ஆக்கள் கவனம்: கழுவின பிளேட்டைப் புதுசெண்டு பூட்டித் தந்த கதை

கிளிநொச்சி, பரந்தன், முல்லைத்தீவுப் பக்கம் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 எண்டு பழைய கார் வச்சிருக்கிற ஆக்கள் இதை ஒருக்கா வாசியுங்கோ. கராஜின்ர பேர் போடேல்லை. காசுக் கணக்கு இன்னும் முடியேல்லை.

என்ர கார் 948 சிசி மைனர், அப்பாவின்ர. தொண்ணூறுகளில பெற்றோல் தடை இருக்கேக்கை, காபரேற்றருக்குள்ள துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின காருகளில இதுவும் ஒண்டு. மண்ணெண்ணெய் முழுசா எரியாது. சிலிண்டர் சுவரால வழிஞ்சு இறங்கி இஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், பெயாரிங்குகள் தேயும். இதை ஏன் சொல்லுறன் எண்டு கீழ விளங்கும்.

வருத்தம் என்னெண்டா, முதலாம் கியரிலயும் ரிவேர்ஸிலயும் கிளட்சை விட விடக் கார் முழுக்க உதறும். முறிகண்டியில தேங்காய் உடைச்சுப்போட்டுத் திரும்ப ஏ9இல ஏறேக்கை, பின்னால பஸ் கோண் அடிக்க, பக்கத்தில இருக்கிற ஆள் டாஷ்போட்டை எட்டிப் பிடிப்பார். கிளட்சை முழுக்க விட்டாப் பிறகு ஒண்டுமில்லை. கியர்பொக்ஸில இருந்து பின்பக்கம் போற புரொப்பெல்லர் ஷாப்ட் பிழை எண்டா வேகம் கூடக் கூடத்தான் அதிரும். பின் அச்சில இருக்கிற டிப்ரன்ஷல் தேஞ்சா எடுக்கேக்கை 'டக்' எண்டு ஒரு அடி விழும். பாதிக் கிளட்சில மட்டும் உதறினா முதலில கிளட்சையும் இஞ்சின், கியர்பொக்ஸ் ரப்பர்களையும்தான் பாக்கோணும்.

"கிளட்ச் செட் முழுக்கப் புதுசு, யூ-ஜொயின்ட், கியர்பொக்ஸ் ரப்பர், பிளைவீல் லேத்தில போட்டு முகம் எடுக்கிறது" எண்டுதான் பேசினது. பிளைவீல் எண்டது கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கிற, இஞ்சினின்ர பாரச் சில்லு; முகம் எடுக்கிறது எண்டா அதை மட்டமாக் கடையிறது. ஒரு லட்சத்து நாப்பதாயிரம் ரூபா. சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து வரோணும் எண்டு அரைவாசிக் காசை முதலே வாங்கிட்டினம். பில் கேட்டா, கொப்பித் தாளில "கிளட்ச் வேலை முழுவதும்" எண்டு ஒரே வரி. சாமான் சாமானாப் பிரிச்சு எழுதித் தாங்கோ எண்டதுக்கு, "அண்ணை, நாங்கள் என்ன ஓடியே போகப்போறம்?" எண்டு சிரிப்பு.

எடுத்துக்கொண்டு வந்த புதுசில நல்லாத்தான் ஓடிச்சு. ஒயில் ஊறின பிளேட்டைப் பெற்றோலில கழுவி மண்தாள் போட்டுத் தேய்ச்சா அப்பிடித்தான், கொஞ்ச நாளைக்குப் பிடிக்கும். சூடேற உள்ளுக்குள்ள ஊறின ஒயில் கசிஞ்சு மேல வரும், உதறல் முந்தினதை விடக் கூடும். திரும்பக் கொண்டுபோனா, "புதுப் பிளேட் இணங்க நாள் எடுக்கும், ஓட ஓடச் சரிவரும்." பிறகு, "உது மைனரின்ர குணம் அண்ணை." கடைசியா டிப்ரன்ஷலை இறக்கோணும், இன்னும் அறுபதாயிரம் வரும் எண்டினம். அதோட காரை எடுத்துக்கொண்டு வந்திட்டன்.

பரந்தன் பக்கம் ஏ40களோடயே காலம் போக்கின ஒரு வயசான பாஸ் (மெக்கானிக்) இருக்கிறார். இஞ்சினை இறக்கேக்கை பக்கத்தில நிண்டு பாத்தன். கிளட்ச் பிளேட் கண்ணாடி மாதிரி மினுங்கிக் கறுத்துக் கிடந்தது. உராயிற லைனிங் தேஞ்சு ரிவிட் தலையும் அதுவும் ஏறக்குறைய ஒரே மட்டம், ஷாப்டில பூட்டுற நடுப் பல்லுகளும் தேஞ்சிருந்தது. புதுசாம்! பிளைவீல் முகத்தில நீல நிறத்தில சூடுபட்ட திட்டுகள் அப்பிடியே இருந்தது, லேத்துப் பக்கமே போகேல்லை. கிளட்ச் பிளேட்டை அமத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை, கிளட்ச் மிதிக்கேக்கை விலக்கிற மூண்டு விரலுகளில ஒண்டு மற்றதுகளை விடப் பதிஞ்சு நிண்டது. அந்த மூண்டும் ஒரே மட்டத்தில இல்லாட்டி பிளேட் சரிஞ்சுதான் பிடிக்கும், புதுப் பிளேட் போட்டாலும் உதறும். கியர்பொக்ஸ் ரப்பர் ஒண்டு வெடிச்சது, மேல கறுப்புப் பெயின்ற். யூ-ஜொயின்ட் மட்டும் உண்மையாவே மாத்தியிருந்தினம். அதையும் சொல்லத்தானே வேணும்.

எனக்குக் கோவம் வந்தது இதுகளுக்கில்லை. இந்த இஞ்சினில கிராங்க் ஷாப்டின்ர பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. ஷாப்டில வெட்டியிருக்கிற புரிதான் ஒயிலைத் திருப்பி உள்ளுக்குத் தள்ளும். பெயாரிங் தேய இடைவெளி கூடி ஒயில் வெளியில வரும். மண்ணெண்ணெய் குடிச்ச இஞ்சினுக்குக் கேக்கவே வேண்டாம். அந்த ஒயில் கிளட்சில படாமல் வெளிய போகத்தான், கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின்ர அடியில ஒரு ஓட்டை. அது அடைபடாமல் இருக்க ஒரு ஸ்பிளிற் பின் அதுக்குள்ள லூசாத் தொங்கிக்கொண்டு ஆடும். அந்தப் பின்னை இழுத்து எறிஞ்சுபோட்டு ஓட்டையை சிலிக்கனால பூசி அடைச்சிருக்கினம். காருக்குக் கீழ சொட்டு விழுந்தா நான் கேள்வி கேப்பன் எண்டு! பாஸ் ஸ்க்ரூ ட்ரைவரால அந்தச் சிலிக்கனைக் குத்த, தேங்கின ஒயில் கையில ஒழுகிச்சு. "தம்பி, இது தெரியாமல் செய்த வேலை இல்லை" எண்டு மட்டும் சொன்னார்.

ஆரிட்டைக் குடுத்தாலும், பெல் ஹவுசிங் பிரிக்கிற நேரம் பக்கத்தில நில்லுங்கோ. கழட்டின பழைய பிளேட்டைக் கையில வாங்காமல் மிச்சக் காசைக் குடுக்காதேங்கோ. பழைய பிளேட் இல்லையெண்டா அது காருக்குள்ளதான் இருக்கு. பூட்ட முதல் மூண்டு விரலையும் அளந்து காட்டச் சொல்லுங்கோ, அதுக்கு அஞ்சு நிமிசம் போதும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி சேவைக்கும் முறைப்பாடு செய்யலாம், எழுத்தில, மூண்டு மாசத்துக்குள்ள. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர நம்பர் 1977. நான் முறைப்பாடு குடுத்திருக்கிறன். ஒற்றை வரிப் பில்லோட அது எவ்வளவு தூரம் போகுமோ, பாப்பம்.

இப்ப பிளைவீல் வவுனியாவில முகம் எடுத்து, பழைய பிளேட்டுக்குப் புது லைனிங் அடிச்சு, விரலுகள் மட்டம் பாத்து, ரப்பர் மாத்தி ஓடுது. உதறல் இல்லை. சொட்டு விழுது, விழட்டும், அது விழ வேண்டிய இடத்தில விழுது. ஆனா நடுப் பல்லு தேஞ்ச பிளேட் கனகாலம் தாங்காது. 948க்குரிய ஆறேகால் இஞ்சிப் பிளேட் நல்லதா ஆரிட்டையும் இருந்தா சொல்லுங்கோ. 1098 சிசி மைனரின்ர ஏழேகால் இஞ்சி வேண்டாம், அது இந்தப் பிளைவீலுக்குச் சேராது.