ஞானப்பல் எடுத்த அன்று காம்பிஃப்ளாம்: எப்போது போடுவது?

காம்பிஃப்ளாம் மாத்திரை ஒன்றில் இபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. ஞானப்பல் எடுத்த வலிக்கு நல்ல ஜோடி. ‘போட்டும் கேட்கவே இல்லை’ என்று இதைத் திட்டுபவர்களில் பலர், வலி மண்டைக்கு ஏறிய பிறகு முதல் மாத்திரையைத் தேடியவர்கள்.

பல் எடுக்குமுன் மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் ஊசியின் மரப்பு உதட்டில் 3 முதல் 5 மணி நேரம் நிற்கும். மாத்திரை வேலையைத் தொடங்கவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் புதிதாக உருவாவதைத்தான் இபுப்ரோஃபென் தடுக்கும், சேர்ந்துவிட்டதை அகற்றாது. ஆகவே உதடு தடித்தாற்போல் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். பஞ்சைக் கடித்திருக்கும் அரை, முக்கால் மணி நேரம் முடிந்ததும், ஆறிய பாலோ ஐஸ்க்ரீமோ ஸ்பூனால் சாப்பிட்டுவிட்டு விழுங்கலாம். வெறும் வயிறு கூடாது. ஸ்ட்ராவும் கூடாது, உறிஞ்சினால் குழியிலுள்ள ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும்.

பிறகு 8 மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு 3. வீக்கம் உச்சத்துக்கு வருவதே 2, 3 நாளில்தான். அதுவரை வலிக்காகக் காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். படுக்கும் முன் போடவேண்டியதை மறந்தால் விடியற்காலையில் தாடை விண்விண்ணென்று தெறிக்கும்.

காம்பிஃப்ளாமின் குறை, அதில் பாராசிட்டமால் அளவு குறைவாக இருப்பது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் தனித்தனி மருந்துகளைவிட நன்றாகக் கேட்டது இபுப்ரோஃபென் 400 மி.கி.-உடன் பாராசிட்டமால் 1000 மி.கி. சேர்ந்த ஜோடி. போதவில்லை என்றால் இன்னொரு காம்பிஃப்ளாம் போடாமல், மருத்துவரைக் கேட்டு, 4 மணி நேரம் கழித்து ஒரு டோலோ 650 (பாராசிட்டமால் மட்டும், 650 மி.கி.) சேர்க்கலாம். மூன்று காம்பிஃப்ளாம், இரண்டு டோலோ என்றால் பாராசிட்டமால் 2275 மி.கி.; கல்லீரல் நலமாயுள்ள பெரியவர்களுக்கு நாள் உச்சவரம்பு 4000. மெடிக்கலில் கூடவே தரும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கலாம், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்த அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் வலி மாத்திரைகள் எதையும் இதோடு சேர்க்கவே வேண்டாம்.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து, 20 வாரம் தாண்டிய கர்ப்பம், டெங்கு சந்தேகம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த அட்டையை நீங்களாகத் தொடாதீர்கள், பல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் நாளுக்குமேல் வலி குறையாமல் ஏறி, காதுவரை இழுத்து, வாய் நாறினால், ரத்தக்கட்டி பெயர்ந்து குழி காய்ந்திருக்கலாம். அதற்கு எந்த மாத்திரையும் போதாது. மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டும்.