மூன்று சாட்சிகளுக்கான இடம்: சிறப்புத் திருமணச் சட்டப் பதிவு எப்படி இருக்கிறது?

மதம் மாறாமல் இரண்டு மதத்தவர் மணந்துகொள்ள நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் கிடைக்கும் வழி, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருந்தால் போதும். பெற்றோர் சம்மதத்தைச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. கேட்காத இடத்திலும் அம்மா அப்பா வந்து நிற்கிறார்களே, அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அவர்கள் துணை எங்கெங்கே தேவைப்படும் என்பதையும் சேர்த்தே இந்தச் சேவையைப் பார்க்க வேண்டும்.

முதலில் நோட்டீஸ், அதாவது மணக்கப் போகிறோம் என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கும் மனு. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். மனு கொடுத்ததும் அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம். சேவையின் பெரிய குறை இதுதான். வேலைக்காகச் சென்னையிலோ கோவையிலோ இருப்பவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், நோட்டீஸின் நகல் அந்த ஊர் அலுவலகத்துக்கும் போய் அங்கும் ஒட்டப்படும். பெற்ற அப்பாவுக்கு முன்னால் பக்கத்துத் தெருக்காரருக்குச் செய்தி தெரிவது இப்படித்தான். அதனால் மனு கொடுக்கும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். "எங்களுக்குத் தெரியும், நாங்கள்தான் நடத்தி வைக்கிறோம்" என்று அம்மா வாசலில் நின்று சொல்லும் ஒரு வார்த்தை, ஊரின் நூறு கேள்விகளை அங்கேயே நிறுத்திவிடும்.

ஆட்சேபம் வந்தாலும் மிரள வேண்டாம். வயது, உயிரோடிருக்கும் வேறொரு கணவன் அல்லது மனைவி, மனநலம், மணக்கக் கூடாதென்று சட்டம் விலக்கிய நெருங்கிய உறவுமுறை ஆகியவைதான் செல்லும் காரணங்கள். "வேறு மதம்" என்பது காரணமே ஆகாது. அதிகாரி 30 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது தேதியில். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் அது காலாவதி; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்து வீடும் கிறிஸ்தவ வீடும் சேர்ந்து நாள் பார்க்கும்போது இது கழுத்தைப் பிடிக்கும். நவம்பர் 3இல் நோட்டீஸ் கொடுத்தால் டிசம்பர் 3 வரை காத்திருப்பு. பிறகு கிறிஸ்தவ வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம், இந்து வீட்டுக்கு மார்கழி. தை பிறந்த பின் பிப்ரவரி 3க்குள் மூன்று வாரம்கூட முழுதாக மிஞ்சாது. ஆனி முடிவில் நோட்டீஸ் கொடுத்தால் காத்திருப்பு ஆடியோடு கழிந்து, ஆவணி முழுவதும் கையில் இருக்கும். இஸ்லாமியக் குடும்பம் என்றால் அந்த ஆண்டின் ரமலானையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

திருமண நாள் நடைமுறை மிக எளிமை, அழகும்கூட. இருவரும் மூன்று சாட்சிகளும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். "சட்டப்படி கணவனாக, மனைவியாக ஏற்கிறேன்" என்ற வாக்கியத்தை அதிகாரி, சாட்சிகள் முன்னிலையில் தமிழிலேயே சொல்லலாம். அதோடு தாலியோ மோதிரமோ மாலையோ, விரும்பிய சடங்கைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. கூடுதல் கட்டணம் கட்டினால் அதிகாரி அருகிலுள்ள இடத்துக்கே வரவும் வழியுண்டு.

சாட்சி இடங்களுக்கு நண்பர்களை அவசரமாகப் பிடிக்காதீர்கள். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அத்தா, மூன்றாவதாக ஒரு தாய்மாமா. மூவரும் வயதுச் சான்று, முகவரிச் சான்று அசலோடு வரட்டும். ஆதாரில் "மு. இராமசாமி", பாஸ்போர்ட்டில் "ராமசாமி முத்து" என்று இருந்தால் அன்று காலையில் பதற்றம்தான், மணமக்கள், சாட்சிகள் எல்லோருடைய பெயரையும் முதல் மனுவுக்கு முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள்.

சொத்து பற்றிய பயத்தை வீட்டில் பேசித் தெளிவாக்குங்கள். இந்துக் கூட்டுக் குடும்பத்தவர் வேறு மதத்தவரை (பௌத்தர், சீக்கியர், சமணர் தவிர) இச்சட்டப்படி மணந்தால், கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். பங்கு பறிபோகாது. அப்படி மணந்த தம்பதியின் சொத்துக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்.

மொத்தத்தில், நோட்டீஸ் ஒட்டும் முறையைத் தவிர இது நம்பிப் போகக்கூடிய சேவை. சான்றிதழ்ப் புத்தகத்தில் மணமக்களின் கையெழுத்தோடு அந்த மூன்று சாட்சிகளின் கையெழுத்தும் நிலைத்துவிடும். பொட்டு வைத்த அம்மாவும் தொப்பி அணிந்த அத்தாவும் ஒரே பக்கத்தில், ஒரே மையில். சான்றளித்த நகல் இரண்டாக வாங்குங்கள், இரண்டு வீட்டு பீரோவிலும் ஒன்று இருக்கட்டும்.