ஆறு சீசன் ஜாஸ், அதே மூன்றாம் வரிசை

எனக்குத் தொழில் மோட்டார் ரீவைண்டிங். பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் கடை. சுற்றுவட்டாரத் தென்னந்தோப்புகளில் எரிந்துபோகிற சப்மெர்சிபிள், கம்ப்ரசர் மோட்டாரில் பாதி என்னிடம்தான் வரும். இந்த ஆள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் பாலக்காட்டுக்கு ஜாஸ் என்கிற மேற்கத்திய சங்கீதம் கேட்கப் போகிறான் என்றால் ஊரில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "ஏனுங்க, இன்னைக்கும் பீப்பீயா?" என்று வீட்டிலேயே கேள்வி. ஆனாலும் ஆறு சீசன் ஆகிவிட்டது. இந்தக் கச்சேரிகளுக்கு சீசன் பாஸ் எடுக்கலாமா என்று எங்கள் பக்கத்துச் சித்தூர், வேலந்தாவளத்திலிருந்து நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதற்கு இங்கேயே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதல் சீசன் முடிந்த கையோடு எழுதியிருந்தால் 'காசு தண்டம்' என்று முடித்திருப்பேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நடத்துவது ஒரு சின்ன டிரஸ்ட். லாபத்துக்கு இல்லை, டிக்கெட், நன்கொடை, இரண்டு மூன்று கடைக்காரர்களின் விளம்பரம், அவ்வளவுதான் வரவு. குறைகளும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை மாதம் ஒன்றாக ஐந்து கச்சேரி, இரண்டாம் சனிக்கிழமை. நூற்றிருபது நாற்காலி போட்ட ஹால். ஜனவரி மட்டும் வெளியே முற்றத்தில். வாசிப்பவர்கள் பெங்களூரு, சென்னை, கொச்சி, கோவா ஆட்கள். எப்போதாவது இந்தியா சுற்ற வந்த ஐரோப்பியக் குழு ஒன்று வந்து போகும். நான் சேர்ந்தது 2018 நவம்பரில். 2020 மார்ச் கச்சேரி கொரோனாவில் நின்றது. அதோடு இரண்டு சீசன் கிடையாது. 2022-ல் மறுபடி ஆரம்பித்தபோது, நின்றுபோன அந்த ஒரு கச்சேரிக்குப் பழைய பாஸைக் காட்டினால் போதும் என்றார்கள். என் அட்டை கடை பில் புக்குக்குள் கிடந்தது, எடுத்துக்கொண்டு போனேன். பேச்சு மாறவில்லை, உள்ளே விட்டார்கள்.

இனி முதல் கச்சேரி. சாக்ஸபோன் எனக்குப் புதிதில்லை. நம் பக்கத்துக் கல்யாணங்களில் தவிலோடு சேர்ந்து வருவதுதானே. கத்ரி கோபால்நாத் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்த வாத்தியம் இப்போது மாப்பிள்ளை அழைப்பு வரை வந்துவிட்டது. அந்தக் காதோடு போய் உட்கார்ந்தால், முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசித்தார்கள், அப்புறம் ஆளுக்கொரு திக்கில் போய்விட்டார்கள். எங்கே கைதட்டுவது என்றே தெரியவில்லை. பக்கத்தில் ஒருவர் பாட்டு நடுவிலேயே தட்டுகிறார், சரி என்று நானும் தட்டினேன்.

பாட்டைவிட எனக்கு நன்றாகக் கேட்டது வேறொன்று. ஸ்பீக்கரில் ஒரு உறுமல். நாள் முழுக்க அதோடு குடித்தனம் நடத்துகிறவன் நான், தப்புமா? கரண்டின் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐம்பது அதிர்வு. ஆளுயர வயலின் மாதிரி நிற்கிற டபுள் பாஸின் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதில் 'ஜி' என்கிற ஸ்வரம் 49. டபுள் பாஸ்காரர் நடமாடுகிற வீட்டுக்குள்ளேயே இந்த உறுமலும் பாய் விரித்துப் படுத்திருந்தது. அவர் அந்த 'ஜி' பக்கம் வரும்போதெல்லாம் இரண்டும் உரசி 'வொய்ங் வொய்ங்' என்றது.

இடைவேளையில் பின்னால் போய்ப் பார்த்தேன். கீபோர்டுக்கு மேடைப் பக்கத்துச் சுவரிலிருந்து கரண்ட், மிக்ஸருக்கு ஹாலின் மறுகோடியிலிருந்து. இரண்டு இடத்திலும் எர்த் வேறுவேறு. நடுவே ஆடியோ ஒயர் இரண்டையும் இணைக்கிறது. எர்த் வழியாகக் கரண்ட் சுற்றிவர ஒரு வளையம், லூப், விழாமல் என்ன செய்யும்? இதைச் சரிசெய்கிறேன் என்று அவர்களுடைய சவுண்ட் பையன் ஒரு காரியம் செய்திருந்தான். ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி, அதன் பிளக்கில் எர்த் பின்னை இடுக்கியால் ஒடித்துவிட்டிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே ஒரு ஒயர் பாடியில் தொட்டால், ஒரு கையில் தந்தியும் உதட்டில் மைக்குமாக நிற்கிற ஆளின் கதி என்ன? கத்திவிட்டேன். "சேட்டா, எல்லா கச்சேரியிலும் இப்படித்தான்" என்றான். அடுத்த மாதம் நானே ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செய்து கொண்டுபோனேன். மேடை, மிக்ஸர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே போர்டிலிருந்து கரண்ட். உறுமல் நின்றது. நான் இந்தக் கச்சேரிக்காரர்களோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். அதுவரை சங்கீதத்துக்கு அதில் பங்கு கிடையாது.

சங்கீதம் ஒட்டியது பக்கத்து நாற்காலியால். பாஸ் எடுத்தால் அதே நாற்காலி ஐந்து மாதமும் நம்முடையது. எனக்கு மூன்றாம் வரிசை, இடது ஓரம். அடுத்து பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து வருகிற ஒரு பெரியவர், மிருதங்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் சாமி என்றுதான் கூப்பிடுவேன். முதல் இரண்டு கச்சேரி என்னோடு பேசவே இல்லை. மூன்றாவதில், ஹால் முழுக்க உற்சாகமாகக் கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தபோது என் முழங்கையைப் பிடித்தார். "ஒண்ணுலயும் மூணுலயும் தட்டப்படாது, கேட்டேளா. அவா ரெண்டுலயும் நாலுலயுமாக்கும் தட்டறா. அந்த டிரம்ஸ்காரன் எடது காலைப் பாருங்கோ."

பார்த்தேன். இடது கால் பெடலில். கால் அமுங்கும்போதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்த இரண்டு சின்னத் தட்டுகள் 'ச்சிக்' என்று மூடிக்கொள்கின்றன. ஒன்று, ச்சிக், மூன்று, ச்சிக். வலது கை மேலே பெரிய தட்டில் நடை ஓட்டுகிறது, இடது கை எப்போதாவது குறுக்கே பேசுகிறது. அந்தக் கால் மட்டும் அசையாமல் காவல் நிற்கிறது. அன்றைக்கு மீதிக் கச்சேரி முழுக்க நான் வேறெதையும் பார்க்கவில்லை. பாஸ் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் யோசனை இதுதான்: கால் தெரிகிற நாற்காலியாகக் கேளுங்கள்.

அடுத்த பாடம் கணக்கு. பழைய பாட்டுகளில் நிறைய 32 பார் கொண்டவை (பார் என்றால் பெரும்பாலும் நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளக் கட்டு), எட்டெட்டாக நான்கு பகுதி. முதல் எட்டு, அதே மெட்டில் இன்னொரு எட்டு, மூன்றாவது எட்டு மட்டும் வேறு, அப்புறம் பழையபடி. சாமி இதை விரல் மடக்கிச் சொல்லுவார்: "பல்லவி, பல்லவி, சரணம், பல்லவி." இந்தச் சுற்று அந்தப் பாட்டு ஓடும்வரை நிற்காது. ஆளுக்கொரு திக்கில் போகிறார்கள் என்று நான் நினைத்தேனே, எல்லோரும் இந்தச் சுற்றுக்குள்தான் இருக்கிறார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் மனதுக்குள் எண்ணிக்கொண்டே கூட வருகிறார்கள். கடைசியில் சாக்ஸ் நாலு பார், டிரம்ஸ் நாலு பார் என்று மாற்றி மாற்றிப் பேசிக்கொள்வார்கள்; சில குழுக்கள் அதை இரண்டிரண்டாகவும் சுருக்கும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து அளவைச் சுருக்கிக்கொண்டே போகிற குறைப்பை நினைத்துக்கொள்ளுங்கள், பாதி புரிந்துவிடும்.

இது எனக்கு ஒரே நாளில் வந்ததில்லை. ஒரே பாட்டை மூன்று சீசனில் மூன்று குழு வாசிக்கக் கேட்டேன். முதல் தடவை சத்தம். இரண்டாம் தடவை மெட்டு தெரிந்தது. மூன்றாம் தடவை, கிடார்காரர் தன் இஷ்டத்துக்கு எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கும்போதே 'இதோ சரணம் வரப்போகிறது' என்று எனக்குத் தோன்றியது, வந்தது! தொடையில் தட்டிவிட்டேன். சாமி திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். 'அதே பாட்டையே வாசிக்கிறார்கள்' என்று வாட்ஸாப் குழுவில் வருஷா வருஷம் ஒரு புகார் வரும். எனக்கு அந்தப் புகார் கிடையாது. பெரிய ஊரில் ஒரு நாள் விழாவுக்குப் போய் எட்டுக் குழு கேட்டுவிட்டு வந்தால் இது கிடைத்திருக்காது. அதே ஹால், அதே நாற்காலி, அதே பாட்டு, நடுவில் ஒரு வருஷம். அப்படித்தான் எனக்குக் காது திறந்தது.

சாமிக்கே ஒருமுறை சறுக்கியது. சென்ற ஆண்டு ஒரு குழு 'டேக் ஃபைவ்' என்ற பாட்டை எடுத்தது. ஐந்து எண்ணிக்கை என்றதும் நம் கண்ட சாபு தாளம் என்று நிமிர்ந்து உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். இரண்டாவது சுற்றிலேயே முகம் மாறியது. நம் கண்ட சாபு இரண்டும் மூன்றும்; அந்தப் பாட்டு மூன்றும் இரண்டும். கையைத் தூக்கியவாறே ஒரு சுற்று காத்திருந்து மாற்றிப் பிடித்தார். வெளியே சாயா குடிக்கும்போது, அந்தப் பாட்டு 1959-ல் டேவ் புரூபெக் குழுவின் இசைத்தட்டில் வந்தது, அதை அமைத்தவர் குழுவின் சாக்ஸ்காரர் பால் டெஸ்மண்ட், அதற்கு முந்தின வருஷம்தான் புரூபெக் மதராஸ் வந்து பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு வாசித்தார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். "பழனிக்கு ஒரு சுத்துகூட வேண்டியிருந்திருக்காதாக்கும்" என்று தன்னையே சொல்லிக்கொண்டார்.

மைக் விஷயத்திலும் ஜெயித்தவர் அவர்தான். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக்கை எதிர்த்தவர் என்பது கல்பாத்தியில் குழந்தைக்கும் தெரியும். "நூத்தி இருபது பேர் ஹாலுக்கு சாக்ஸபோனுக்கு என்னத்துக்காக்கும் மைக்? சன்னமா சத்தம் வர அது என்ன மோர்சிங்கா?" என்று இரண்டு சீசன் விடாமல் கேட்டார். மூன்றாம் சீசனிலிருந்து ஹாலுக்குள் பாடகருக்கு மட்டும் மைக்; டபுள் பாஸுக்கும் கீபோர்டுக்கும் சின்ன ஆம்ப். டிரம்ஸ்காரர் தன்னாலேயே சத்தத்தைக் குறைத்துப் பிரஷ்ஷால் வாசிக்க ஆரம்பித்தார். கம்பித் துடைப்பம் மாதிரியான ஒன்றால் தோலை வட்டமாகத் தேய்ப்பது, அரிசி புடைக்கிற சத்தம்.

முற்றத்துக் கச்சேரிக்கு மைக் வேண்டும், அதில் சாமிக்கும் மறுப்பில்லை. மார்கழியிலும் தையிலும் கணவாய் வழியாக நம் பக்கம் என்ன காற்று அடிக்கும் என்று தெரியும்தானே. நோட்டுத் தாளுக்கெல்லாம் துணி கிளிப். அப்படியும் ஒரு தாள் பறந்து ஒரு பாட்டியம்மாவின் மடியில் விழுந்தது. அந்தக் காற்று வறட்டுக் காற்று வேறு. ஒரு ஜனவரியில் டபுள் பாஸ்காரர் தன் வாத்தியத்தைச் சாய்த்துப் பிடித்து, விரல் முட்டியால் ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக், டொக், டெர்ர். அந்த இடத்தில் ஒட்டு விட்டிருந்தது. நான் மோட்டாரில் பேரிங் பார்க்கிற அதே முறை! மரம் காய்ந்து சுருங்கும்போது பலகை பிளக்காமல் ஒட்டு விடட்டும் என்றுதான் அந்தப் பசையைப் போடுகிறார்களாம். பெயின்ட் கடையிலிருந்து பேப்பர் டேப் வாங்கி வந்து கொடுத்தேன், அன்றைய ராத்திரி ஓடியது. வெளியே என்பதால் பத்து மணிக்குள் ஸ்பீக்கரை நிறுத்தியாக வேண்டும், சட்டம் அது. ஆனால் ஆரம்பிப்பது மட்டும் எப்போதும் அரை மணி நேரம் தாமதம்; கடைசிப் பாட்டு வெட்டுப்படும்.

குறை என்றால் இன்னும் உண்டு. நவம்பர் தேதி பல வருஷம் கல்பாத்தி சங்கீத உற்சவத்தோடு மோதுகிறது. அந்த மாதம் சாமி நாற்காலி காலி. சிறப்பு விருந்தினர் பேச்சு. மார்ச் கடைசிக் கச்சேரியை ஃப்யூஷன், அதாவது கலப்பிசை என்று போட்டு, பத்துப் பேரை ஏற்றி, யாரும் யாரையும் கேட்காமல் வாசிப்பது. டிக்கெட் அதற்குத்தான் அதிகம் விற்கிறது, அவர்களுக்கும் வாடகை கட்ட வேண்டும், புரிகிறது. நான் பாதியில் எழுந்து வந்துவிடுவேன்.

பணம் பற்றி ஒரு தகவல். பாஸ் என்பது டிக்கெட், நன்கொடை ஆகாது. வருமான வரிக் கழிவுக்கான ரசீது கேட்டுச் சண்டை போடாதீர்கள். தனியாகக் கொடுக்கிற நன்கொடைக்குத்தான் ரசீது. அதிலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எதுவுமே இல்லை. எனக்கு வர வேண்டிய நன்கொடைச் சான்றிதழ், 10பிஇ படிவம், ஒரு வருஷம் வரவில்லை. இரண்டு தடவை போன் செய்து வாங்கினேன். டிரஸ்டில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது, எல்லாம் மாலையில் வந்து பார்க்கிறவர்கள்.

திரும்பி வருவதற்கு பஸ்ஸை நம்ப வேண்டாம். நான் பைக்கில் போகிறேன்; சித்தூர் ஆட்கள் மூன்று பேர் ஒரு காரில் சேர்ந்து வருகிறார்கள், கேட்டால் இடம் தருவார்கள்.

போன மாதம் ஹாலுக்குள் நுழையும்போதே அந்த உறுமல் காதில் விழுந்தது. பழைய பையன் கல்ஃப் போய்விட்டான், புதுப் பையன். பின்னால் போனால் என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருக்கிறது, ஆம்ப் பிளக்கில் எர்த் பின்னைக் காணோம். கத்தவில்லை. பைக் பெட்டியில் எப்போதும் ஒரு த்ரீ பின் பிளக் கிடக்கும், எடுத்து வந்து வாசல் படியில் உட்கார்ந்து மாட்ட ஆரம்பித்தேன். உள்ளே ஆம்ப் இல்லாமலே முதல் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டிருக்கும்போது சரணம் வந்தது.